உப்புக்காற்று ஊரில் போர்வைக்கு நூலோட்டுவது

ஒட்டுப்போர்வை தைக்கிற பெண்களிடம் இதில் எந்த வேலை பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். துண்டு வெட்டுவது, நிறத்துக்கு நிறம் சேர்ப்பது, ஓரம் கட்டுவது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அடுக்கைப் பரப்பி நூலோட்டுவது பிடிக்கும் என்று ஒருத்தி சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் அது ஆசையான வேலை இல்லைதான். ஆனால் போர்வை தட்டையாக வருவதும் அங்கங்கே பொம்மிச் சுருங்கி வருவதும் அந்த ஒரு வேலையில்தான் முடிவாகிறது. அதில் அவசரப்பட்டுவிட்டு, பிறகு எத்தனை நுணுக்கமாகத் தைத்தாலும் ஈடு கட்ட முடியாது.

புதிதாகத் தைக்க வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஒட்டுப்போர்வைக்கு மூன்று அடுக்கு உண்டு. துண்டுகள் சேர்த்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்கும் போடும் நெருக்கமான தையல்தான் போர்வையைப் போர்வையாக்குகிறது. அந்தத் தையல் விழுகிற வரைக்கும் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று நழுவாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் பெரிய பெரிய தையலாக நூலோட்டி வைப்பது. வேலை முடிந்ததும் பிரித்து எறிந்துவிடுவோம். இதற்குப் பதிலாக ஊக்குக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஒட்டும் ஸ்ப்ரே அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் குடியிருந்துகொண்டு தைப்பவர்களுக்கு நூல்தான் சரி என்பது என் கட்சி.

நான் இருப்பது உச்சிப்புளிப் பக்கம். வடக்கே கொஞ்சம் போனால் பாக் நீரிணை, தெற்கே கொஞ்சம் போனால் மன்னார் வளைகுடா. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் உப்போடுதான் வரும். ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் செயின் எதையும் அது விட்டுவைப்பதில்லை, ஊக்கை மட்டும் விடுமா? ஒரு நாளில் பரப்பி, இரண்டு நாளில் தைத்து முடித்துவிடுகிறவர்களுக்கு ஊக்கு ஒத்துவரும். வீட்டு வேலைக்கு நடுவே தைக்கிற நமக்கு ஒரு போர்வை மாதக்கணக்கில் மடிப்பிலேயே கிடக்கும். என் மதினி ஒருமுறை ஊக்குக் குத்தி வைத்த போர்வையை மழைக்காலம் முடிந்து பிரித்தபோது, வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளி. எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போட்டு வெள்ளைப் பகுதியில் எடுத்துவிட்டோம். நிறத்துணியில் அதைச் செய்ய முடியவில்லை, எலுமிச்சை சாயத்தையும் சேர்த்து வெளிற வைத்துவிடும். ப்ளீச்சிங் பவுடரை மட்டும் துருக்கறைக்குப் போட்டுவிடாதீர்கள். கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்ப்ரேயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை ஒரு பக்கம். ஜன்னலைத் திறந்தால் பாதி பறந்து தரையில் ஒட்டுகிறது, மூடினால் மூச்சு முட்டுகிறது. தீப்பிடிக்கும் வாயு அடைத்த டப்பா அது, அடுப்படியும் கூடமும் ஒன்றாக இருக்கிற வீட்டில் வேண்டாம்.

இந்த வெக்கையில் யார் போர்வை கேட்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பிறந்த குழந்தைக்குப் பழைய சேலையில் மெத்தென்று தைத்து விரிப்பது எங்கள் வீட்டில் அப்பத்தா காலத்துப் பழக்கம். இப்போது கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து வெளிநாட்டுக்குக் கொடுத்தனுப்பக் கேட்கிறார்கள். அங்கே ஏசி ஓடுகிற அறையில் ஆளை அமுக்குகிற கம்பளி வேண்டாம், மெல்லிசான போர்வைதான் வேண்டும். அதனால் நான் கனமான பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பை அபூர்வமாகத்தான் எடுப்பேன். துவைத்துத் துவைத்துப் பதமான பருத்திப் போர்வையோ ஃபிளானல் துணியோ நடுவில் வைத்தால் போதும். பாலியெஸ்டர் விரிப்பு வழுக்கும், பருத்தி பருத்தியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நூலோட்டுகிற வேலையில் கால்வாசி அங்கேயே குறைந்துவிடும். இலவம்பஞ்சை உதிரியாகப் பரப்பித் தைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தலையணைக்கும் மெத்தைக்கும் அதை மிஞ்சி ஒன்றுமில்லை. ஆனால் அதன் இழை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. எத்தனை வரிசை நூலோட்டினாலும் மூலைக்கு ஓடிவிடும்.

முதலில் துணியைத் தயார் பண்ணுவது. புதுப் பருத்தியாக இருந்தால் ராத்திரி முழுக்க நனைத்துக் காயவைத்துச் சுருங்க விட்டுவிட வேண்டும். பழைய சேலைக்கு அந்தக் கவலை இல்லை. கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. உப்பு ஏறிய துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தொட்டால் சவசவ என்று இருக்கும். அந்தப் பதத்தில் பரப்பி நூலோட்டினால், பிறகு காய்ந்ததும் ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு வாளி இதற்கென்று எடுத்து வைத்துவிடுவேன்.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மேல்துணி 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் என்றால், அடித்துணி ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, 68க்கு 98 இருக்க வேண்டும். பஞ்சு இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு. தைக்கத் தைக்க அடுக்கு உள்வாங்கும், அந்த மிச்சம்தான் அதைக் காப்பாற்றும். ஐந்தரை மீட்டர் சேலை ஒன்று இருந்தால் அடித்துணிக்குக் கடைக்குப் போகவே வேண்டாம். சரிபாதியாக வெட்டினால் ஒவ்வொன்றும் 108 அங்குல நீளம். இரண்டையும் நீளவாட்டில் சேர்த்தால் அகலம் கிட்டத்தட்ட 90 வரும். மிஞ்சுகிற அகலத்தை இரண்டு பக்கமும் பங்கிட்டு வெட்டாமல் ஒரே பக்கத்தில் வெட்டிவிடுங்கள். அப்போது இணைப்புத் தையல் நட்டநடுவில் விழாமல் ஒதுங்கும். போர்வையை எப்போதும் நடுவில்தான் மடிக்கிறோம், மடிப்பும் இணைப்பும் ஒரே கோட்டில் வந்தால் அந்த இடம் சீக்கிரம் நைந்துபோகும். இணைப்பை விரித்து இஸ்திரி போட்டுவிட்டால் அடியில் மேடு தட்டாது.

அப்புறம் தரை. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் ‘சுத்தமான தரையில் அடித்துணியை டேப் போட்டு ஒட்டுங்கள்’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் அந்த ஒரு வரிக்கே ஒரு காலைப்பொழுது ஆகும். கூட்டி முடித்துத் திரும்புவதற்குள் மணல் வந்து கிடக்கும். விடியற்காலையில் சிமெண்டுத் தரை ஓதம் காத்துச் சில்லென்று இருக்கும், டேப் ஒட்டாது. அதனால் ஈரத்துணியால் துடைத்து, வெயில் ஏறி, வெறுங்காலுக்குத் தரை உலர்ந்தது தெரிந்த பிறகுதான், பத்து மணிவாக்கில், பட்டாசாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், துணியை விரிப்பேன். கடல்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். ஃபேனையும் நிறுத்திவிட வேண்டும். ஃபேன் ஓடினால் மேல்துணியின் ஓரம் எழும்பி எழும்பி விழும். வேர்க்கத்தான் செய்யும். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள், வேர்வை சொட்டினால் வெள்ளைத் துணியில் அப்படியே தெரியும்.

மாதமும் முக்கியம்தான். தை முடிந்து பங்குனி வரைக்கும் எங்களுக்கு இதற்கு நல்ல நேரம். ஆடிக் காற்றில் கதவைத் திறந்தால் வீடே மணல். ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வெயிலைப் பார்த்தால் அது நல்ல காலம். ஆனால் ஆம்பிளைகள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், பட்டாசாலையில் பரப்பிய துணிமேல் நடக்காமல் போகச் சொன்னால் வீட்டில் சண்டைதான். அந்த மாதங்களுக்கு நான் மேசைக்கு மாறிவிடுவேன், அதைக் கீழே சொல்கிறேன்.

அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். முதலில் நான்கு பக்கத்து நடுவிலும் ஒவ்வொரு டேப், அப்புறம் மூலைகள், அப்புறம் இடைவெளிகள். பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப் போதும். துணி சுருக்கமில்லாமல் நிற்க வேண்டும், விறைப்பாக நிற்கக் கூடாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்குக் கை நீளுகிறது. இழுத்து ஒட்டிய துணி, டேப்பை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பும். அதன்மேல் இழுக்காமல் கிடந்த மேல்துணி என்ன செய்யும்? பொம்மிக்கொள்ளும். “இழுக்காதத்தா, தடவி விடு” என்று அப்பத்தா சொல்வதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் கிழிந்த மீன்வலை பொத்துகிறவர். ஒருநாள் வாசலில் நின்று எங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, “ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா நடு ஒதுங்கிரும்மா, நடுவுலேர்ந்து விடு” என்றார். போர்வை தைத்தவர் இல்லை அவர், ஆனால் நூலின் இழுவை அவர் விரலுக்குத் தெரிகிறது.

மூன்று அடுக்கையும் தனித்தனியாக நான்காக மடித்து, நடுப்புள்ளியிலும் நான்கு ஓரங்களின் நடுவிலும் நகத்தால் அழுத்தி மடிப்புக்கோடு விட்டுக்கொள்ளுங்கள். பரப்பும்போது கோட்டுக்குக் கோடு பொருத்தினால் கோணாது. பஞ்சை நடுவில் வைத்து நாலாபக்கமும் விரித்து, இரண்டு உள்ளங்கையாலும் நடுவிலிருந்து வெளியே தடவுங்கள். மேல்துணியும் அப்படியே, நல்ல பக்கம் மேலே. ஒட்டு ஒட்டாகத் தைத்த மேல்துணி எங்கேயாவது நேராக நிற்காமல் அடம்பிடிக்கும். அதை இந்த இடத்தில் சரிபண்ண முடியாது. எழுந்து போய் அந்த இணைப்பைப் பிரித்துத் தைத்துவிட்டு வருவதுதான் வழி. நூலோட்டினால் அமுங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம், அமுங்காது.

இப்போது நூல். வெள்ளைப் பருத்தி நூல், ஒற்றை இழை. சிவப்பு, நீலம் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிகிறது என்று போடுவார்கள். ஈரம் பட்டால் சாயம் இறங்குகிற நூல் நிறைய உண்டு, இந்த ஊர்க் காற்றில் ஈரத்துக்குத் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. வலுவான நூலும் தேவையில்லை. கை வைத்து இழுத்தால் அறுகிற நூல்தான் பிரிக்கும்போது துணியைக் கிழிக்காது. ஊசி நீளமாக இருக்கட்டும், கோணி ஊசி அளவுக்குத் தடிமன் வேண்டாம். ஊசியும் துருப்பிடிக்கிற சாமான்தான். ஊசி வைக்கிற டப்பாவில் ஒரு சாக்பீஸ் துண்டு போட்டு வைத்தால் ஈரத்தை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். துரு லேசாகப் பட்ட ஊசியை ‘பரவாயில்லை’ என்று எடுக்காதீர்கள், போகிற வழியெல்லாம் கறுப்புக் கோடு வைக்கும்.

நடுவிலிருந்து தொடங்குவதில் ஒரு வசதியான முறை இருக்கிறது. நூலை உருளையிலிருந்து வெட்டாமலே ஊசியில் கோத்து, நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் எட்டுகிற அளவு இழுத்துவிட்டு, முடிச்சே போடாமல் நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போய் ஒரு பின்தையல் போட்டு நிறுத்துங்கள். அப்புறம் உருளையை இந்தப் பக்கம் உருட்டி, மறுபாதிக்கு வேண்டிய நூலை விட்டு வெட்டி, அந்த முனையைக் கோத்து எதிர்ப்பக்கம் போங்கள். நடுவில் முடிச்சும் இல்லை, ஒரு வரிசைக்கு ஒரே நூல், பிரிப்பதும் சுலபம். முதல் வரிசை நடுவில் நெடுக்காக, அடுத்தது குறுக்காக, இந்தக் கூட்டல் குறி விழுந்த பிறகு ஒவ்வொரு கால்பகுதியாக நிரப்பிக்கொண்டு போகலாம். வரிசைக்கு வரிசை ஒரு கைமுட்டி அகலம், அதாவது 4 அங்குலத்துக்குள். தையல் மேலே ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் நீளம், அடியில் அதைவிடச் சின்னது.

தரையில் தைக்கும்போது ஊசி கீழே முட்டித் திரும்பி வர வேண்டும். அந்த முனையைப் பிடிக்க இடது ஆள்காட்டி விரலை வைத்தால், பத்துத் தையலுக்குள் விரல் புண்ணாகிவிடும். ஒரு டீஸ்பூனை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி மூன்று அடுக்கையும் துளைத்துத் தரையில் ‘கிரக்’ என்று தட்டுகிற சத்தம் கேட்டதும், ஊசி வெளியே வரவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஸ்பூனின் விளிம்பால் துணியை அழுத்துங்கள். முனை தானாக மேலே எழும்பி ஸ்பூன் குழியில் ஏறி உட்காரும். ஸ்பூனை லேசாக மேலே நெம்பினால் ஊசி பாதி வெளியே வந்துவிடும், இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். கை பழகினால் ஒரு இழுவைக்கு இரண்டு மூன்று தையல்கூட ஊசியில் ஏற்றிக்கொள்ளலாம். எவர்சில்வர் ஸ்பூன் நல்லது, பிளாஸ்டிக்கை ஊசி கீறிவிடும். அப்படியும் விரலில் குத்தி ரத்தம் பட்டால் உடனே பச்சைத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள். சுடுதண்ணீர் கறையை நிலைக்க வைத்துவிடும்.

இரண்டு மூன்று வரிசை ஆனதும் ஒரு பக்கத்து டேப்பை எடுத்து, கையை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள். மடிப்புத் தட்டினால் அந்த வரிசையை மட்டும் பிரித்தால் போதும். எல்லாம் முடித்துவிட்டுப் பார்த்தால் எல்லாவற்றையும் பிரிக்க நேரும். நிரந்தரத் தையல் எங்கெங்கே ஓடப்போகிறது என்பதையும் முன்கூட்டியே யோசித்து, அந்தக் கோட்டின்மேல் நூலோட்டாமல் ஒதுங்கிப் போங்கள். தையலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட வெள்ளை நூலைத் துண்டு துண்டாகப் பிடுங்குவது பொறுமையைச் சோதிக்கும். கடைசியாக, மிச்சமிருக்கிற அடித்துணியை மேலே மடித்து, பஞ்சு ஓரத்தை மூடி ஒரு சுற்று நூலோட்டிவிடுங்கள். பஞ்சு பிசிறாது, மணலும் ஓரத்தில் ஏறாது.

முட்டி மடக்க முடியாதவர்களுக்கு மேசை. மரக்கடையில் போர்வை அகலத்துக்கு மேல் நீளமான ரீப்பர் மரச்சட்டம் இரண்டு வாங்கி, சிராய் போக உப்புத்தாள் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அடித்துணியையும் இன்னொன்றில் மேல்துணியையும் சுருக்கமில்லாமல் சுருட்டி வையுங்கள். பஞ்சை மேசையில் விரித்து, அதற்கு அடியில் ஒன்றையும் மேலே ஒன்றையும் ஒரு முழம் அளவுக்குப் பிரித்துவிட்டு, அந்தப் பகுதிக்கு மட்டும் நூலோட்டி, முடிந்ததை மேசைக்கு மறுபக்கம் தொங்கவிட்டு அடுத்த முழத்தைப் பிரிக்க வேண்டும். இதில் நடுவிலிருந்து தொடங்குவது கிடையாது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத்தான். ரீப்பரின் கனமே துணியைச் சீராக வைத்துக்கொள்கிறது. யாராவது படியேறி வந்தால் சுருட்டி ஓரமாகச் சாய்த்துவிடலாம், தடைக்கால மாதங்களில் எனக்கு இதுதான் தோது.

கையால் தைப்பதா மெஷினிலா என்பதைப் பொறுத்து நெருக்கம் மாறும். வட்டச் சட்டத்தில் மாட்டிக் கையால் தைப்பவர்கள் சட்டத்தை இடம் மாற்றி மாற்றி மாட்டுவார்கள், ஒவ்வொரு தடவையும் அடுக்கு இழுபடும். அவர்களுக்கு நூல்தான் ஒரே வழி, ஊக்கு சட்டத்தில் இடிக்கும். மிதி மெஷினில் தைத்தால் வேறு தொந்தரவு. கீழே பல் அடித்துணியை இழுத்துக்கொண்டு போகும், மேலே பாதம் மேல்துணியை முன்னால் தள்ளும். அதனால் வரிசைகளை 3 அங்குலத்துக்குக் குறைத்து, தையலையும் சின்னதாக்குங்கள். நீளத் தையல் மெஷின் பாதத்தின் நுனியில் மாட்டிக்கொள்ளும்.

இத்தனை பாடு எல்லா ஊரிலும் படுகிறார்களா என்றால் இல்லை. கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்தி என்ற ஒட்டுப்போர்வையில் இந்த முன்வேலை கிடையாது. ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை வைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்குத் தைத்துக்கொண்டு வருவார்கள், சேர்ப்பதும் தைப்பதும் ஒரே வேலை. வங்காளத்துக் காந்தாவில் பழைய சேலைகளைத் தரையில் அடுக்கி, ஓரங்களில் பாரம் வைத்து, பெரிய தையலாகப் பிடித்துவிட்டுத்தான் நுணுக்க வேலைக்குப் போவார்கள். நம்முடைய முறை அதற்குப் பக்கம். குழந்தை விரிப்பு அளவுக்குச் சின்னதாக இருந்தால் கவந்தி முறையில் தைத்துப் பார்க்கலாம், பெரிய போர்வைக்கு எனக்குத் தைரியம் இல்லை.

பிரிக்கும்போது நூலின் ஒரு முனையைப் பிடித்து மொத்தமாக உருவக் கூடாது, துணி கொசுவிக்கொள்ளும். நாலு ஐந்து தையலுக்கு ஒன்றை வெட்டி, அடிப்பக்கத்திலிருந்து துண்டு துண்டாக எடுங்கள். நிரந்தரத் தையல் விழுந்த பகுதியில் மட்டும் அவ்வப்போது பிரித்துக்கொண்டே போகலாம், மற்ற இடத்தில் கைவைக்காதீர்கள். லீவு நாளில் நூல் பொறுக்குகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள். வெட்டுகிற வேலையை மட்டும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். என் மகன் கத்தரியை எடுத்தால் வெள்ளை நூல் எது, போர்வை எது என்று பார்ப்பதில்லை.